பெருமீனுக்கு ராடும் ரீலும் தேர்வது எப்படி: டிராக்கில் தொடங்கும் முழு வழிகாட்டி

கடைக்குள் நுழைந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். வரிசையில் நிற்கும் ராடுகளில், அதாவது தூண்டில் கம்புகளில், கண்ணுக்குப் பிடித்ததை எடுத்து நுனியை ஆட்டிப் பார்ப்போம். நானும் என் முதல் பெரிய ராடை அப்படித்தான் வாங்கினேன். ஏழடி நீளம், தங்க நிற ரீல், பார்க்கவே கம்பீரம். சின்னப் படகில் நின்றுகொண்டு அதில் ஒரு மஞ்சள் சூரையை மாட்டினேன். இருபது நிமிடத்தில் இடுப்பு விட்டுப்போனது, அப்புறம் மீனும் போனது. ராடின் மேல் குற்றமில்லை. அது நாற்காலியில் உட்கார்ந்து மீனோடு மல்லுக்கட்டுகிறவருக்கான ராடு. எனக்குத்தான் அது தெரியவில்லை.

அன்றிலிருந்து நான் தலைகீழாகப் போகிறேன். முதலில் டிராக் எத்தனை கிலோ என்று முடிவு செய்வேன். அதிலிருந்து லைன் (தூண்டில் நூல்), லைனிலிருந்து அதைச் சுற்றி வைக்கும் ரீல், கடைசியில்தான் ராடு. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது.

டிராக் என்றால் என்ன, ஏன் அதிலிருந்து தொடங்க வேண்டும்

ரீலுக்குள் இருக்கும் பிரேக்தான் டிராக். மீன் இழுக்கும் விசை நாம் வைத்த அளவைத் தாண்டினால், லைன் சுற்றியிருக்கும் ஸ்பூல் வழுக்கிச் சுழன்று லைனை விட்டுக்கொடுக்கும். அந்த அளவுக்குக் கீழே இருந்தால் பிடித்து நிற்கும். லைன் அறுந்துபோகாமல் மீனைக் களைக்க வைப்பது இந்த ஒரு பிரேக்தான்.

இது எப்போதும் இருந்த வசதி இல்லை. 1898இல் கலிபோர்னியாவின் சாண்டா கேட்டலினா தீவுக்கருகே சார்லஸ் ஃபிரெடெரிக் ஹோல்டர் 183 பவுண்டு, அதாவது 83 கிலோ நீலத்துடுப்புச் சூரையைப் பிடித்தார். அந்தக் காலத்து ரீலில் மீன் ஓடினால் கைப்பிடியும் சேர்ந்து பின்னோக்கிச் சுழலும். விரல் கணுக்கள் அடிபடும். பிரேக் போட வேண்டுமென்றால் ஸ்பூலின் மேல் தோல் பட்டையை வைத்துக் கட்டை விரலால் அழுத்த வேண்டும். ரீலுக்குள்ளேயே பிரேக்கை வைக்க வில்லியம் போஷன் என்பவர் யோசனை சொல்ல, ஜூலியஸ் வோம் ஹோஃப் செய்து கொடுத்தார். 1913இல் ராடு-ரீலில் முதல் வாள்மீனைப் பிடித்தவர் என்று அறியப்படுபவரும் அதே போஷன்தான்.

புதிதாக வருகிறவர்கள் மீனின் எடையையும் லைனின் பலத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் குழம்புவார்கள். 200 கிலோ மீனுக்கு 200 கிலோ தாங்கும் லைன் வேண்டாம். தண்ணீருக்குள் மீனின் எடை ஏறக்குறைய மிதப்பிலேயே கழிந்துவிடும். நாம் எதிர்கொள்வது அதன் நீந்தும் பலத்தைத்தான். 1953 ஆகஸ்ட்டில் பெரு நாட்டின் கபோ பிளாங்கோவில் ஆல்ஃபிரட் கிளாசெல் பிடித்த கருப்பு மார்லின் 707 கிலோ. ராடு-ரீலில் பிடித்த கருப்பு மார்லினுக்கு அதுதான் நெடுங்கால உலக சாதனை. அந்த எடையை எந்த ராடும் தூக்கவில்லை. மீன் ஓடி ஓடித் தானே களைத்தது. ஆனால் மீன் ஆழத்திலேயே செத்துவிட்டால் கதை வேறு. அப்போது நீந்தாத அந்த உடலை அடியிலிருந்து நாமே மேலே இழுத்து வர வேண்டியிருக்கும்.

முதல் படி: உங்கள் உடம்பு எத்தனை கிலோ தாங்கும்

கடைக்குப் போவதற்கு முன் இதை வீட்டிலேயே செய்து பாருங்கள். யாரிடமாவது ஒரு பழைய ராடும், அதன் அடிக்கட்டையைச் செருகும் இடுப்பு பெல்ட்டும் கடன் வாங்குங்கள். லைனின் முனையை ஒரு ஸ்பிரிங் தராசில் கட்டி, தராசைத் தூணின் அடியில் கட்டுங்கள். இன்னொருவர் தராசைப் படிக்கட்டும். நீங்கள் ராடைத் தூக்கி 5 கிலோவில் நில்லுங்கள். சுலபமாகத்தான் இருக்கும். 8க்குப் போங்கள். தொடை பேச ஆரம்பிக்கும். 10இல் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். முன்னங்கை நடுங்கினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. இது ஆடாத தரை. படகு ஆடும், மீனும் சும்மா இருக்காது.

இதன் பின்னால் இருப்பது வெறும் நெம்புகோல் கணக்கு. ராடின் அடி பெல்ட்டில் ஊன்றியிருக்கிறது, உங்கள் கை அங்கிருந்து 50 செ.மீ. மேலே பிடித்திருக்கிறது என்று வையுங்கள். வளைந்த ராடின் நுனி ஊன்றிய இடத்திலிருந்து கிடைமட்டமாக 1 மீட்டர் தள்ளி இருக்கிறது, லைன் நேர் கீழே 10 கிலோவில் இழுக்கிறது. உங்கள் கை தாங்கும் விசை 20 கிலோ. அதே 10 கிலோ டிராக்கில் நுனி 1.5 மீட்டர் தள்ளிப் போனால் கைக்கு 30 கிலோ. மீனுக்கு இரண்டிலும் அதே 10 கிலோதான். நீள ராடு மீனுக்கு உதவுகிறது, நமக்கு இல்லை. என் ஏழடி ராடு என்னைக் கவிழ்த்தது இந்தக் கணக்கில்தான்.

பெல்ட் மட்டும் போட்டு நிற்கிறவர்களில் பெரும்பாலோருக்கு 5 முதல் 7 கிலோ சரியான அளவு. ரீலை உடம்போடு பிணைத்து இடுப்புக்குக் கீழே தாங்கும் ஹார்னஸ் என்ற வார்ப்பட்டையைப் போட்டு உடம்பு எடையைப் பின்னால் சாய்க்கப் பழகியவர்கள் 10, 12 வரை போகலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் படகில் பொருத்திய நாற்காலிதான் வழி. நின்றுகொண்டே 15 கிலோ என்று மார்தட்டுகிறவர்களை நம்ப வேண்டாம். அவர்கள் பெரும்பாலும் தராசில் அளந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டாம் படி: லைன்

டிராக் முடிவானால் லைனைக் கண்டுபிடிப்பது எளிது. மீன் கடிக்கும்போது இருக்க வேண்டிய டிராக், லைன் அறுபடும் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். மீதிப் பலத்தை முடிச்சும், திடீர் வெட்டும், தண்ணீரின் இழுவையும் தின்றுவிடும்.

1939இல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கமான ஐ.ஜி.எஃப்.ஏ. வகுத்த லைன் வகுப்புகளைத்தான் உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். பெருமீனுக்கு முக்கியமானவை நான்கு: 30 பவுண்டு (15 கிலோ), 50 பவுண்டு (24 கிலோ), 80 பவுண்டு (37 கிலோ), 130 பவுண்டு (60 கிலோ). இவற்றுக்கான கடிநேர டிராக் ஏறக்குறைய 4-5, 6-8, 9-12, 15-20 கிலோ. உடம்பு 8 கிலோதான் தாங்கும் என்று தெரிந்த பிறகு 130 பவுண்டு செட் வாங்குவதில் அர்த்தமில்லை. அதன் பலத்தை நீங்கள் ஒருநாளும் பயன்படுத்தப் போவதில்லை, எடையை மட்டும் சுமப்பீர்கள்.

மீன் பக்கத்திலிருந்து பார்த்தால் மயில் மீன், வாகூ போன்றவற்றுக்கு 30 போதும். 40, 50 கிலோ மஞ்சள் சூரைக்கு 50 வகுப்பு வசதி. பெரிய நீல மார்லினுக்கு 80. மிகப் பெரிய மார்லினும் ராட்சத நீலத்துடுப்புச் சூரையும் 130, அதுவும் நாற்காலியோடு. ஒரே ஒரு செட் வாங்கத்தான் வழியிருக்கிறது என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு 50ஐச் சொல்வேன்.

தங்கூஸா, பிரெய்டா என்று எப்போதும் ஒரு சண்டை உண்டு. தங்கூஸ் நைலான் இழை, ரப்பர் மாதிரி நீண்டு கொடுக்கும். மீனின் வெட்டை அது வாங்கிக்கொள்வதால் உங்கள் தப்புகளையும் கொஞ்சம் மன்னிக்கும். பிரெய்டு பல இழைகளைப் பின்னிய லைன், அதே பலத்தில் மிக மெலிது. அதனால் சின்ன ரீலிலும் ஏராளமாகக் கொள்ளும், ஆனால் நீளவே நீளாது. இரண்டையும் சேர்ப்பதே நல்லது: ஸ்பூலின் அடியில் பிரெய்டு, மேலே 100 மீட்டராவது தங்கூஸ். பிரெய்டை வழவழப்பான ஸ்பூலில் நேரடியாகச் சுற்றினால் முழுச் சுருளும் வழுக்கிச் சுழலும். முதலில் சில சுற்று தங்கூஸ் போட்டு அதன் மேல் ஏற்றுங்கள். ஏற்றும்போது கையுறையோடு இறுக்கிப் பிடித்து ஏற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றினால் மீன் இழுக்கும்போது மேல் சுற்று அடிச்சுற்றுக்குள் புதைந்து சிக்கும். அந்த நொடியில் டிராக் என்று ஒன்றே இல்லாமல் போய் லைன் அறுந்துவிடும்.

மூன்றாம் படி: ரீல்

காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். சுமாரான ராடில் நல்ல ரீல் மீனைக் கொண்டுவரும். நல்ல ராடில் சுமாரான ரீல் கொண்டுவராது.

பெருமீனுக்கு லீவர் டிராக் ரீலைத்தான் எடுக்க வேண்டும். கைப்பிடிக்குக் கீழே நட்சத்திரச் சக்கரம் வைத்த ஸ்டார் டிராக் மலிவு, உறுதி, சின்ன மீனுக்குப் போதும். ஆனால் அதில் இப்போது எத்தனை கிலோவில் இருக்கிறோம் என்று சண்டையின் நடுவில் தெரியாது. லீவரில் அது கண்ணுக்குத் தெரியும். பின்னால் இருந்தால் ஸ்பூல் சுதந்திரமாக ஓடும், நடுவில் உள்ள தடுப்பில் நின்றால் நாம் அளந்து வைத்த கடிநேர டிராக், தடுப்பைத் தாண்டித் தள்ளினால் முழு டிராக். மீன் பாய்ந்தால் லீவரைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, மறுபடி அதே இடத்துக்குக் கொண்டுவரலாம்.

ரீலின் பெயரில் வரும் 30, 50, 80, 130 பெரும்பாலும் லைன் வகுப்பையே குறிக்கும். பென் இன்டர்நேஷனல், ஷிமானோ டியாக்ரா போன்றவற்றில் எண்ணோடு டபிள்யூ சேர்ந்திருந்தால் ஸ்பூல் அகலம், லைன் அதிகம் கொள்ளும். 80 டபிள்யூ அளவுள்ள ரீலில் 80 பவுண்டு தங்கூஸ் 850 மீட்டரை ஒட்டிக் கொள்ளும். இவ்வளவு தேவையா என்பது படகைப் பொறுத்தது. மீனை நோக்கிப் பின்னால் ஓட்டி வரத் தெரிந்த படகோட்டி இருந்தால் பாதி போதும். நங்கூரம் போட்டு நிற்கிற படகென்றால் மீன் போகும் தூரமெல்லாம் உங்கள் ஸ்பூலில் இருந்தாக வேண்டும்.

லைன் அதிகம் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிறையப் பேர் கவனிக்காதது இது. ஸ்பூல் நிரம்பியிருக்கும்போது சுருளின் விட்டம் 12 செ.மீ., டிராக் 10 கிலோ என்று வையுங்கள். மீன் ஓடி, சுருள் 8 செ.மீ.க்குச் சுருங்குகிறது. நீங்கள் லீவரைத் தொடவே இல்லை, ஆனால் லைனில் இப்போது 15 கிலோ. பிரேக்கின் திருகுவிசை மாறவில்லை, அது செயல்படும் ஆரம் குறைந்ததால் இழுவிசை ஏறிவிட்டது. இதற்கு மேல் தண்ணீருக்குள் வில்லாக வளைந்து கிடக்கும் பல நூறு மீட்டர் லைனின் இழுவை வேறு. அதனால் மீன் தூர ஓட ஓட டிராக்கைக் குறைக்க வேண்டும். பதற்றத்தில் எல்லோரும் செய்வது இதற்கு நேர் எதிர்.

இரண்டு கியர் உள்ளதை எடுங்கள். 12 செ.மீ. சுருளில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 38 செ.மீ. லைன். 3:1 கியரில் கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் ஒரு மீட்டருக்கு மேல் வரும். மீன் நம்மை நோக்கி ஓடி வரும்போது தளர்வைச் சுருட்ட அதுதான் வேண்டும். 1.3:1இல் அரை மீட்டர்தான் வரும், ஆனால் ஆழத்தில் வட்டமடிக்கும் சூரையை அதில்தான் தூக்க முடியும். ஒரே கியர் ரீலில் அந்தக் கடைசிக் கட்டத்தில் கைப்பிடி சுவரில் முட்டியது மாதிரி நின்றுவிடும்.

கடையில் ரீலைக் கையில் எடுத்தால் லீவரை முன்னால் தள்ளி, லைனை மெதுவாக, மிக மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஸ்பூல் நகர ஆரம்பிக்கும் கணம் முக்கியம். ஒட்டிக்கொண்டு நின்று, அப்புறம் விருட்டென்று விட்டால் அந்த ரீல் வேண்டாம். அந்த விருட்டு, கடலில் லைனை அறுக்கும். சட்டகம் ஒரே அலுமினியக் கட்டியில் கடைந்ததாக இருந்தால் சுமையில் முறுக்கிக்கொள்ளாது. ஹார்னஸ் கொக்கி மாட்டும் காதுகள் ரீலின் மேல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அது நின்று பிடிக்கும் பெருமீன் வேலைக்கான ரீல் இல்லை.

பாப்பர் என்ற, நீர்ப்பரப்பில் இழுக்கும் போலி இரையை வீசி ராட்சதப் பாறை மீனையோ சூரையையோ பிடிக்கப் போகிறீர்கள் என்றால் இந்த ரீல் உதவாது, வீச முடியாது. அதற்கு ஸ்பின்னிங் ரீல்தான்: 14000 முதல் 20000 வரை அளவு, பி.இ. 8 பிரெய்டு, இரண்டரை மீட்டரை ஒட்டிய ராடு. பி.இ. எண் லைனின் தடிமனைச் சொல்வது, பலத்தை அல்ல. பி.இ. 8 என்றால் ஏறக்குறைய 0.47 மி.மீ. ஸ்பின்னிங்கில் கீழ் கியர் கிடையாது, லைனும் சின்ன உருளையில் சட்டென்று திரும்புகிறது. வீசும் சுகத்துக்காகக் கொடுக்கும் விலை அது. மின்சார ரீலைப் பற்றி ஒரே வரி: ஆழக்கடல் வேலைக்கு வசதி, ஐ.ஜி.எஃப்.ஏ. சாதனைக்கு ஏற்கமாட்டார்கள்.

நான்காம் படி: ராடு

இப்போது ராடை எடுக்கலாம். வேலை பாதி முடிந்துவிட்டது, ஏனென்றால் லைன் வகுப்பு தெரியும், நிற்பதா உட்கார்வதா என்பதும் தெரியும்.

நின்று பிடிக்க ஐந்தரை அடியிலிருந்து ஆறடி, அதாவது 165 முதல் 180 செ.மீ. இந்தக் குட்டை ராடுகள் சான் டியாகோவிலிருந்து நாள்கணக்கில் கடலுக்குப் போகும் படகுகளில் சூரை பிடித்தவர்களின் கையில் உருவானவை. நுனி இளகி, கீழ்ப்பாதி விறைப்பாக இருக்கும். முன்பிடி நீளமாக இருக்கும். நாற்காலிக்கு ஏழடியை ஒட்டியவை. பெரிய வகுப்புகளில் அவற்றின் அடிக்கட்டை அலுமினியத்தில் வளைந்திருக்கும். உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் உயரத்துக்கு ராடு இறங்கிவர அந்த வளைவுதான் காரணம். அதை நின்றுகொண்டு பெல்ட்டில் செருக முயல வேண்டாம்.

கண்ணாடி இழை ராடு கனமானது, அடிபட்டாலும் தாங்கும், மெதுவாக வளைந்து கொடுக்கும். கார்பன் லேசு, விறைப்பு, ஆனால் படகு விளிம்பில் ஒரு இடி வாங்கினால் கண்ணுக்குத் தெரியாத கீறலோடு காத்திருந்து மீன் பக்கத்தில் வந்ததும் உடையும். ஓடும் படகின் பின்னால் இரையை இழுத்துச் செல்லும் டிரோலிங்குக்கு இரண்டும் கலந்த ராடே எனக்குப் பிடிக்கும்.

ராடில் எழுதியிருக்கும் 50-80 பவுண்டு என்பதை அப்படியே நம்பாதீர்கள். லைனை வளையங்கள் வழியாக விட்டு, நீங்கள் முடிவு செய்த டிராக்கில் ஒருவரை இழுக்கச் சொல்லுங்கள். மேல் மூன்றில் ஒரு பங்கு நன்றாக வளைந்து, கீழே இன்னும் பலம் மிச்சமிருக்க வேண்டும். பிடி வரைக்கும் வளைந்தால் ராடு மெலிது. துடைப்பக் குச்சி மாதிரி நின்றால் உங்கள் டிராக்குக்கு அது தடிமன், வேலை முழுவதையும் உங்கள் முதுகு செய்யும்.

வளையங்களில் உருளை வைத்தவை கனத்த தங்கூஸுக்கு நல்லவை. ஆனால் உப்பு ஏறிச் சிக்கிய உருளை சாதா வளையத்தை விட மோசம், லைனை ரம்பம் போல் அறுக்கும். ஒவ்வொரு உருளையையும் விரலால் சுற்றிப் பாருங்கள். மெல்லிய பிரெய்டு உருளைக்கும் அதன் பக்கத் தகட்டுக்கும் நடுவில் புகுந்துவிடக்கூடும். பிரெய்டு வெளியே வரும் செட் என்றால் சிலிக்கான் கார்பைடு வளையங்கள் போதும். முதல் வளையமும் நுனியும் மட்டும் உருளை, நடுவில் சாதா வளையம் என்று கலந்து வைப்பதும் உண்டு.

அடிக்கட்டையின் கடைசியில் சிலுவை வடிவ வெட்டு இருக்க வேண்டும். பெல்ட்டிலுள்ள குறுக்குக் கம்பி அதில் உட்கார்ந்தால்தான் ரீல் பக்கவாட்டில் புரளாது. சாதனை ஆசை இருப்பவர்கள் ஒரு அளவுநாடாவும் எடுத்துப்போக வேண்டும்: ஐ.ஜி.எஃப்.ஏ. விதிப்படி ரீலுக்கு நேர் கீழிருந்து நுனி வரை குறைந்தது 101.6 செ.மீ., அடிப்பக்கம் அதிகபட்சம் 68.58 செ.மீ.

ஐந்தாம் படி: சேர்த்துப் பொருத்தி, அளந்து பார்ப்பது

ரீலை ராடில் மாட்டி, லைன் ஏற்றியாயிற்று. லீவரைப் பின்னால் கடைசிவரை இழுங்கள். இந்த நிலையில் மட்டும்தான், டிராக் அளவை முன்கூட்டியே வைக்கும் முன்னமைப்புக் குமிழைத் திருக வேண்டும். கொஞ்சம் திருகி, லீவரைக் கடிநேரத் தடுப்புக்குத் தள்ளி, ராடை 45 பாகை தூக்கிப் பிடித்து, தராசை ஒருவர் சீராக இழுக்கட்டும். 8 கிலோ வேண்டும், 6தான் காட்டுகிறது என்றால் லீவரை மறுபடி பின்னால் இழுத்துவிட்டு, குமிழை இன்னும் கொஞ்சம். இப்படி நான்கைந்து முறை. மூன்று முறை இழுத்து ஒரே எண் வந்தால்தான் அளவு நின்றது என்று அர்த்தம்.

அப்புறம் லீவரைப் பின்னால் விட்டு ஸ்பூலைக் கையால் சுழற்றுங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும். உரசி உடனே நின்றால், அந்த ரீலிடம் அதன் சக்திக்கு மீறிய டிராக்கைக் கேட்கிறீர்கள். குமிழை இன்னும் இறுக்குவதால் பயனில்லை, ஒரு அளவு பெரிய ரீலுக்குத்தான் போக வேண்டும். கடைசியாக ஒருவர் லைனைப் பிடித்துக்கொண்டு ஐம்பது மீட்டர் ஓடட்டும். ராடு நுனி துள்ளாமல் ஒரே வளைவில் நின்றால் டிராக் நல்லது.

பழையது வாங்கினால்

நல்ல பெருமீன் ரீல்கள் பல பத்தாண்டுகள் உழைக்கும், அதனால் பழையது வாங்குவதில் தப்பில்லை. ராடிலிருந்து ரீலைக் கழற்றச் சொல்லுங்கள். ரீல் காலுக்கு அடியில் வெள்ளை உப்புப் பூத்திருந்தால் உள்ளேயும் அப்படித்தான் இருக்கும். ஸ்பூலின் விளிம்பைச் சட்டகத்தோடு ஒப்பிட்டுச் சுற்றிப் பாருங்கள். இழுவிசையில் நீண்டு சுற்றிய தங்கூஸ் சுருங்கும்போது ஸ்பூலைப் பக்கவாட்டில் பிதுக்கித் தள்ளும், அதனால் கோணிய விளிம்பு எங்கோ ஓரிடத்தில் உரசும். ஒருமுறை ஒரு கடையில் எனக்கு "பெட்டி பிரிக்காதது" என்று விற்ற ரீலில் இந்த உரசல் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் சுற்றிப் பார்த்தேன்.

புதிதோ பழையதோ, கடலிலிருந்து வந்ததும் லீவரை முன்னால் தள்ளி, மெல்லிய நல்ல தண்ணீர்த் தூறலில் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு வெளியே வராது, உள்ளே போகும். துடைத்து உலர்ந்ததும் லீவரைக் கடைசிவரை பின்னால் இழுத்து வைத்துவிடுங்கள். அழுத்தத்திலேயே மாதக்கணக்கில் கிடந்த டிராக் தட்டு ஒட்டிக்கொள்ளும், அடுத்த மீன் கடிக்கிற நொடியில்தான் அது தெரியவரும்.